முப்பத்தெட்டு மதிப்பெண்ணும் கரைந்துபோன வாத்தும்

24.8.2006, வியாழக்கிழமை மாலை

அன்புள்ள அக்கா காசியம்மாளுக்கு,

1985-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், நம் தம்பி மனைவி பாஞ்சாலைக்கு, பி.எட். கற்பித்தல் தேர்வில், நூற்றுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண் ஏன் போட்டேன்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதிவைத்தால் அரை மதிப்பெண் கிடைக்கும் என்று இத்தனை வருடமாக மாணவர்களுக்குச் சொல்லிவந்தவள் நான். ஆகவே எழுதுகிறேன்.

நலம் விசாரிக்காமல் கேள்வியோடு தொடங்கியதற்கு மன்னித்துவிடு. நான் நலம். உன் வலது முழங்காலின் நிலைமையை உங்கள் மங்களூர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் யாரும் என்னிடம் சொல்லாமல் போவதில்லை என்பதால் அதையும் விசாரித்ததாகவே வைத்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம். அங்கே மழை உண்டா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ "நான் அன்னிக்கே சொன்னேனில்ல" என்று குறுக்கே வருவாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்த பிறகுதான் சொல்ல முடியும்.

உனக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாஞ்சாலை நம் வீட்டுக்கு வருவதற்கு முன் பி.எட். படித்தாள், கற்பித்தல் தேர்வில் தவறினாள், விருத்தகிரியோடு கல்யாணம் ஆயிற்று, அதோடு படிப்பை விட்டுவிட்டுத் தம்பியின் பொம்மைக் கம்பெனியில் கை கொடுக்கப் போனாள். இது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளைத் தவறவைத்தது யார் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான்தான். அன்றைக்கு விருத்தாசலத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தேர்வாளராக உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். இருபத்தொரு வருடமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போது நான் பல்கலைக்கழகக் கல்வியியல் துறையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பு அறிவியல், வெப்பம் பரவுதல். பாஞ்சாலையின் பாடக்குறிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊக்குவித்தல் ஐந்து நிமிடம், விளக்கம் இருபத்தைந்து, தொகுத்தல் ஐந்து, மதிப்பீடு ஐந்து, வீட்டுப்பாடம் ஐந்து. ஆனால் ஏழாவது நிமிடத்திலேயே ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்கப்பா சூளைகிட்ட நின்னா மூஞ்சி மட்டும் காந்துதாம், முதுவு காந்தலயாம், அது ஏன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி குறிப்பில் இல்லை. 'நல்ல கேள்வி, உட்கார்' என்று சொல்லிவிட்டுச் சார்ட்டை மாட்டியிருந்தால் அவள் இன்றைக்கு ஏதாவது உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியை. அவள் சார்ட்டைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டாள். ஒரு பிள்ளையைச் சூளையாக நடுவில் நிறுத்தினாள். மற்றவர்களைச் சுற்றி நிற்கவைத்து, யாருக்கு எங்கே சுடும் என்று கேட்டாள். ஒரே கூச்சல். தொகுத்தல் இல்லை, மதிப்பீடு இல்லை, கரும்பலகையில் தலைப்புகூட இல்லை. மணி அடித்த பிறகும் பெஞ்சு நகரும் சத்தமே கேட்கவில்லை. அதை 'நேர மேலாண்மை அறவே இல்லை' என்று எழுதினேன்.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி இன்னும் மோசம். அதற்கு முந்தின வாரம்தான் விருத்தகிரிக்கு அவளைப் பேசிவிட்டு அப்பா வந்திருந்தார். உறவுக்காரிக்கு மதிப்பெண் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. உறவுக்காரியாக ஆகப்போகிறவளைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. துறையில் யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். ஐம்பது போட்டால் தம்பிக்காகத் தேற்றிவிட்டாள் என்பார்கள். நாற்பத்தைந்து போட்டால் மனசு வராமல் தவறவைத்திருக்கிறாள் என்பார்கள். முப்பத்தெட்டு பார்ப்பதற்கு நேர்மையாக இருந்தது. ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்வைக்கு அழகான ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன் அக்கா. ஒருவருக்கும் கடைசி வரை தெரியவரவில்லை. என் நேர்மையைப் பாராட்டவும் ஆள் இல்லை.

பிறகு என் கல்விப்பணி எப்படி ஓங்கி வளர்ந்தது என்பதை நீ மங்களூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், கொஞ்சம் குறைத்துக்கொள். உண்மையைச் சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்கு 'ஊக்குவித்தல்' என்கிற அந்த முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் நான்கு வருடம் ஆராய்ந்தேன். மீதி நாற்பது நிமிடத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். இதுவரை யாரும் வரவில்லை. பதினான்கு பேருக்கு நெறியாளராக இருந்தேன். அவர்களில் மூன்று பேர் என் ஆராய்ச்சியையே திரும்ப எழுதிக் கொடுத்தார்கள், நான் நன்றாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்தேன். 'வகுப்பறை நிர்வாகம்' என்று ஒரு கையேடு எழுதினேன். நாலு பதிப்பு போயிற்று. டீன் ஆனதைத் திறமை என்று நினைத்துவிடாதே. எனக்கு முன்னால் வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் துணைவேந்தராக வெளியூர் போனார், மூன்றாமவர் தானே டீன் என்று வழக்குப் போட்டுவிட்டுத் தீர்ப்புக்காக இன்னும் காத்திருக்கிறார். டீன் என்றால் என்ன வேலை என்று மாமா கேட்டாராம். பொன்னாடை வாங்கிக்கொள்வதுதான். அலமாரியில் முப்பதுக்குமேல் இருக்கிறது, குளிர்காலத்துக்கு வேண்டுமானால் சொல், அனுப்புகிறேன். இத்தனையிலும் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. பி.எட். படித்தபோது கட்டாயத்துக்கு நடத்திய நாற்பது நாள் உண்டு. அதில் பத்து நாள் மழை விடுமுறை. நீ பார்த்த மூன்று மாப்பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன் என்று என்னைத் திட்டுவாயே, மதிப்பெண் போடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய பாடத்திட்டத்தில் தவறிப்போன பி.எட். மாணவர்களுக்கு இந்த வருடம் ஒரு கடைசி வாய்ப்புக் கொடுத்திருக்கிறோம். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் கற்பித்தல் தேர்வை மறுபடி எழுதலாம். விண்ணப்பிக்க வரும் புதன்கிழமை, முப்பதாம் தேதி கடைசி. இதற்குப் பிறகு பழைய பாடத்திட்டத்தையே மூடிவிடுவார்கள். அறிவிப்பைப் படித்தவுடன் எனக்குப் பாஞ்சாலைதான் ஞாபகத்துக்கு வந்தாள். நாற்பத்துநாலு வயதுதான் ஆகிறது. தேறினால் தனியார் பள்ளியிலாவது வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் தேறியவள் என்று ஆகிவிடும். ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதைக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. விருத்தாசலத்தில் நடுநிலைப்பள்ளி நடத்தும் சாமிதுரை என்பவர் ஆறு மாதமாக என்னை ஒரு மாதிரி வகுப்புக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீன் வந்து பாடம் நடத்த வேண்டும், சுற்றுவட்டாரத்து ஆசிரியர்கள் அறுபது பேர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். சாதாரணமாக இதற்கெல்லாம் இளையவர்களை அனுப்பிவிடுவேன். இந்த முறை நானே வருகிறேன் என்றேன். போன செவ்வாய்க்கிழமை போனேன்.

ஏழாம் வகுப்பு அறிவியல், மீளா மாற்றம். களிமண்ணைச் சுட்டால் அது திரும்பக் களிமண் ஆகாது என்பதைக் காட்ட வேண்டும். சுடாத பொம்மை ஒன்று, சுட்ட பொம்மை ஒன்று. இரண்டையும் தண்ணீரில் போட்டால் சுடாதது கரையும், சுட்டது கரையாது. பீங்கான் ஊரில் இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா? காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகத் தம்பி கம்பெனிக்குப் போனேன். கொலுவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, தலைக்குமேல் வேலை. பாஞ்சாலை இரண்டு வெள்ளை வாத்துகளைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

"ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும் அண்ணி. நகத்தால சுண்டிப் பாருங்க. சுட்டது கிண்ணுன்னு சத்தம் குடுக்கும். பச்சை தொப்புன்னும். மாத்தி வச்சிடப்போறீங்க."

"சரி சரி" என்றேன். பையிலிருந்த படிவத்தை அப்போதே கொடுப்பதா, மத்தியானம் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய், வாத்துகளை மேசையில் வைத்து, முந்தின நாளே அழகாக எழுதிக் கொண்டுபோயிருந்த 'சுட்டது', 'சுடாதது' என்ற சீட்டுகளை ஒட்டினேன். எந்த வாத்து எது என்று எப்படித் தீர்மானித்தேன் என்று கேட்காதே. வலப்பக்கம் இருந்ததைச் சுட்டது என்று தீர்மானித்தேன். சுண்டிப் பார்க்கவில்லை. பொம்மைக் கம்பெனிக்காரனின் அக்கா நான், ஒரு பொம்மையை நகத்தால் தொட்டுப் பார்த்ததில்லை.

ஊக்குவித்தலிலேயே சறுக்கிவிட்டது. "களிமண் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டேன். பூமியிலிருந்து என்று வர வேண்டும்.

"லாரியிலருந்து டீச்சர்!" என்றது மொத்த வகுப்பும்.

"அதற்கு முன்னால்?"

"அதுக்கு முன்னாடி லாரி ஷெட்டுல நிக்கும் டீச்சர்."

பின்னால் அறுபது பேனாக்கள் இதையும் எழுதிக்கொண்டன. பிறகு இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் இரண்டு வாத்துகளையும் இறக்கினேன். மூன்று நிமிடம் அமைதியாகக் கவனியுங்கள் என்றேன். முதல் பெஞ்சில் தென்றல் என்று ஒரு பெண் இருந்தாள். அம்மா ஏதோ ஒரு கம்பெனியில் அச்சு ஊற்றுகிறவளாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"டீச்சர், சுட்டது கரையுது" என்றாள்.

"நன்றாகக் கவனி."

"கவனிச்சுட்டுதான் டீச்சர் சொல்றேன். மூக்கு போயிடுச்சு."

திரும்பிப் பார்த்தேன். சுட்டது என்று சீட்டு ஒட்டிய வாத்துக்கு மூக்கு இல்லை. தலையும் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. சுடாதது என்று ஒட்டிய வாத்து அடுத்த தொட்டியின் அடியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. "ஞாயித்துக்கெழமதானே டீச்சர் பிள்ளையார கரைப்பாங்க, நீங்க இன்னிக்கே வாத்த கரைக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம். 'மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறதே, எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று பிள்ளைகளைக் கேட்டிருக்க வேண்டும். அந்த வகுப்பு நான் அதுவரை நடத்தாத நல்ல வகுப்பாக ஆகியிருக்கும். நான் பாடக்குறிப்பைப் பார்த்தேன். குறிப்பில் அடுத்து 'தொகுத்தல்' இருந்தது. கரும்பலகையில் 'சுட்ட களிமண் நீரில் கரையாது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"கரையுமா, கரையாதா?"

"கரையாது!" என்றார்கள் பிள்ளைகள், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. அப்போது அந்த வாத்துக்குக் கழுத்தும் இல்லை.

தென்றல் மட்டும் எழுந்தாள். "டீச்சர், ரெண்டையும் மாத்தி வச்சுட்டீங்க. சுண்டிப் பாத்தீங்களா?"

"ஏய், டீன் அம்மாவையே கேள்வி கேக்கறியா? உக்காருடி" என்று அவள் வகுப்பு டீச்சர் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் நிற்கலாம் என்று நினைத்திருப்பாள். "உட்காரம்மா, மதிப்பீட்டுக்கு நேரமாகிறது" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்க அரை நிமிடம் இருக்கும்போது வீட்டுப்பாடம் கொடுத்து முடித்தேன். நேர மேலாண்மைக்கு நூற்றுக்கு நூறு.

அதற்குப் பிறகு கருத்துரை. இதில் முதலில் பாராட்ட வேண்டும், பிறகு குறை சொல்ல வேண்டும் என்பது நான் கையேட்டில் எழுதிய விதி. பாராட்டிலேயே நேரம் முடிந்துவிட்டது. கடைசியாக நல்லூரிலிருந்து வந்த தேவநாதன் என்கிற ஆசிரியர் எழுந்து, "எதிர்பாராத சூழல் ஒன்று ஏற்பட்டபோதும் பாடக்குறிப்பைவிட்டு அணுவளவும் விலகாத உறுதியை நான் இன்று டீன் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன்" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை அக்கா, கண் கலங்கியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சாமிதுரை பொன்னாடை போர்த்தினார். எந்த உறுதி இல்லை என்று பாஞ்சாலையைத் தவறவைத்தேனோ, அந்த உறுதிக்குத்தான் அந்தப் பொன்னாடை.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி சூளையைவிட்டு வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். பாஞ்சாலை மட்டும் வந்திருந்தாள். இலையைப் போட்டுக்கொண்டே, "வாத்து சரியா வேல செஞ்சுதா அண்ணி?" என்று கேட்டாள்.

"நன்றாக இருந்தது" என்றேன். மிச்சமிருந்த ஒரு வாத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதன் முதுகில் 'சுடாதது' என்ற என் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் மறந்துபோனேன். அவள் சீட்டைப் படித்தாள். வாத்தை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். கிண்ணென்று அந்த வீடு முழுக்கக் கேட்டது. சீட்டை மெதுவாகப் பிய்த்துக் கசக்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, வாத்தை அலமாரியில் வைத்தாள்.

"மோர் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

இப்படிப்பட்டவளிடம் அந்தப் படிவத்தை எப்படிக் கொடுப்பது, சொல். முதல் தடவை பைக்குள் கையை விட்டேன். "கண்ணாடி தேடறீங்களா அண்ணி?" என்றாள். ஆமாம் என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை, "மாத்திரையா? இருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று சொம்போடு வந்துவிட்டாள். இராத்திரிக்குப் போட வேண்டிய மாத்திரையை மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு விழுங்கினேன். மூன்றாவது தடவை கை பைக்குள் இருக்கும்போதே, "பஸ்ஸுக்கு நேரமாவுதா? சரி, போயிட்டு வாங்க" என்றாள். போய்விட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் தலை சுற்றுகிறது. மாத்திரையாலா வேறு எதனாலா தெரியவில்லை.

ஆகவே அக்கா, உன்னிடம் ஓர் உதவி. இதனுடன் அந்தப் படிவத்தை வைத்திருக்கிறேன். முழங்காலைப் பொருட்படுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் சதுர்த்திக்கு விருத்தாசலம் போ. நீ சொன்னால் அவள் கேட்பாள். நான் வருத்தப்படுகிறேன் என்று சொல்லாதே. நீ சொல்லும்போது அது கொஞ்சம் கூடிவிடும். படிவத்தை மட்டும் கொடு. தேர்வாளராக நான் வரமாட்டேன், இதில் நான் எந்த வகையிலும் தலையிடவில்லை, தலையிடவும் மாட்டேன் என்று சொல். அவளுக்கு 1985-இல் எத்தனை போட்டிருக்க வேண்டும் என்று இந்த இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு. எழுபத்தைந்து போடலாம், ஆனால் கரும்பலகையைப் பயன்படுத்தவே இல்லை, அதற்கு மூன்று குறைத்துத்தான் ஆக வேண்டும். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. டீன் பதவிக்காலம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்பு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் உடல்நிலை என்று போட்டேன். வாத்து என்று போட முடியாது.

தெய்வத்தைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். இருந்தாலும் விருத்தாசலத்துப் பழமலைநாதரும் பெரியநாயகியும் உன்னையும் மாமாவையும் நன்றாக வைத்திருக்கட்டும். முழங்காலை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதே, டாக்டரிடம் காட்டு.

என்றும் உன் அன்பை மறவாத தங்கை,
பானுமதி

பி.கு. (25.8.2006, வெள்ளிக்கிழமை): நேற்று எழுதியதில் எதையும் நீ செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இரு. தலையிட மாட்டேன் என்று பெரிதாக எழுதியிருக்கிறேனே, அது பொய் என்று இன்று காலை பத்து மணிக்குத் தெரிந்தது. கடிதத்தை அஞ்சலில் போடும் முன், பாஞ்சாலை என்ற பெயரில் விண்ணப்பம் வந்தால் அதற்கு என்னைத் தேர்வாளராகப் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே கண்காணிப்பாளர் காத்தவராயன் என் காகிதத்தைப் படித்தார்.

"வி. பாஞ்சாலை, விருத்தாசலங்களா? அது போன மாசமே வந்துச்சே மேடம். பேப்பர்ல அறிவிப்பு வந்த மறுநாளே போட்டிருந்தாங்க."

"இப்போது எங்கே இருக்கிறது?"

"ரிஜெக்ட் ஆயிடுச்சுங்களே."

"யார் பண்ணியது?"

"நீங்கதாங்க மேடம்."

கோப்பை எடுத்துக் காட்டினார். நாற்பத்தொரு விண்ணப்பங்களை நிராகரித்து ஒரே குறிப்பு. கீழே பச்சை மையில் என் கையெழுத்து. பதினேழாவது பெயர் அவள். காரணம்: 'அசல் கற்பித்தல் குறிப்பேடு இணைக்கப்படவில்லை.' எப்படி இணைப்பாள்? தவறியவர்களின் குறிப்பேட்டைத் தேர்வாளர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. 1985-இல் அவள் கையிலிருந்து அதை வாங்கியவள் நான். நிராகரிப்புக் கடிதம் அனுப்பிய தேதி ஆகஸ்ட் ஏழு. அதாவது செவ்வாய்க்கிழமை எனக்கு இலை போட்டு மோர் ஊற்றியபோது, என் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதம் அந்த வீட்டில்தான் எங்கேயோ இருந்திருக்கிறது.

நிராகரித்ததை ரத்து செய்ய வழியுண்டா என்று கேட்டேன். "ரிஜெக்ட்டை மாத்த ரூல் இல்லீங்க மேடம். புதுசா ஒரு அப்ளிகேஷன் போட்டா வாங்கிக்கலாம். குறிப்பேடு நம்மகிட்டதான் இருக்குதுன்னு அந்தத் தேர்வாளர் எழுதிக் குடுக்கணும்" என்றார் காத்தவராயன். அங்கேயே உட்கார்ந்து, 'இவருடைய குறிப்பேடு 1985-ஆம் ஆண்டு என்னால் வாங்கப்பட்டது, திருப்பித் தரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். உனக்கு அனுப்ப வைத்திருந்த உறையைப் பிரித்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினேன்.

பாஞ்சாலை அச்சிலிருந்து பொம்மைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை களிமண்.

"விண்ணப்பம் போட்டதையும் அது திரும்பி வந்ததையும் செவ்வாய்க்கிழமை என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கதானே கையெழுத்துப் போட்டிருந்தீங்க. தெரிஞ்சுதான் சாப்பிட வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

"பார்க்காமல் போட்டுவிட்டேன் பாஞ்சாலை."

"அப்பவுமா அண்ணி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அருகிலிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் படிவத்தை நீட்டினேன். வாங்கி, இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தாள்.

"எக்ஸாமினர் யாரு?"

"நான் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன்."

"மார்க்கு வேற யாருனா போடட்டும். ஆனா நீங்க வரணும். வந்து அதே கடைசி பெஞ்சுல உக்காரணும். கையில நோட்டு, பேனா எதுவும் எடுத்தாராதீங்க. அன்னிக்கு முக்கா மணி நேரமும் எழுதிட்டேதான் இருந்தீங்க. பசங்க மூஞ்சிய ஒரு தடவகூட நிமிந்து பாக்கல."

வருகிறேன் என்றேன். கை கழுவிக்கொண்டு வா என்றதற்கு, "இன்னும் எரநூறு பொம்ம கெடக்குது அண்ணி, எத்தன தடவ கழுவறது" என்று சொல்லி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, படிவத்தை ஓர் அச்சுப் பலகையின்மேல் வைத்து நிரப்பிக் கொடுத்தாள். நாலேகால் மணிக்கு அதைக் காத்தவராயன் மேசையில் வைத்தேன். அவர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், அப்ளிகேஷன் பூரா களிமண்ணு ஒட்டியிருக்குதே. வேற ஃபாரத்துல எழுதித் தரச் சொல்லலாங்களா?"

"அப்படியே வாங்குங்கள்" என்றேன்.

வாங்கிக்கொண்டார்.